வீட்டுப் பள்ளியும் குடும்ப ஜெபமும்: வாசகியர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கிறோம். வேதாகமத்தைவிட நல்ல பாடநூல் ஏது என்று, தமிழ் வாசிப்புப் பயிற்சியைக் காலை ஜெபத்தோடு சேர்த்துவிட்டோம். தினமும் பத்து வசனம் அவன் வாசிக்க வேண்டும். எழுத்துக்கூட்டித் திணறுகிறான். திருத்தினால் அழுகிறான். இப்போது ஜெபம் என்றாலே ஒளிந்துகொள்கிறான். (ஒரு தாய், நாகர்கோவில்)

பதில்: சகோதரி, நாளைக் காலையிலிருந்தே வேதாகமத்தை நீங்கள் வாசியுங்கள், அவன் கேட்கட்டும். எழுத்துப் பயிற்சிக்கு வேறு புத்தகம், வேறு நேரம். இந்த ஒரு மாற்றத்திலேயே அவனுடைய ஒளிதல் பெரும்பாலும் நின்றுவிடும்.

காரணம் அவனுடைய சோம்பல் அல்ல. நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 1871-இல் நிறைவேறிய ஐக்கிய மொழிபெயர்ப்பின் தமிழ். அதன் ஓசை அழகானது, ஆனால் புதிதாக வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அது மூன்று வகையில் கடினம். 'நாசரேத்தூரிலிருந்து', 'ஞானஸ்நானம்' போன்ற நீண்ட சொற்கள் வரிக்கு வரி வரும். மேற்கோள் குறிகள் கிடையாது; பேசுவது யார் என்பது 'என்றான்' வரும்போதுதான் தெரியும். ஒரு வாக்கியம் இரண்டு, மூன்று வசனங்களுக்கு நீண்டு, நடுவில் எண் வந்து கண்ணை இடறும். இத்தனையோடும் மல்லுக்கட்டுகிற பிள்ளைக்கு இயேசு அங்கே என்ன செய்தார் என்பது மனதில் ஏறாது.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் அவன் கேட்பது 'வந்துட்டாங்க'. புத்தகத்தில் இருப்பது 'வந்துவிட்டார்கள்'. எழுத்துத் தமிழைக் காதால் நிறையக் கேட்ட பிள்ளைக்குத்தான் அதைக் கண்ணால் வாசிப்பது எளிதாகும். அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று காது முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடும். ஆக, நீங்கள் சத்தமாக வாசிப்பதே அவனுக்கு வாசிப்புப் பயிற்சியின் முதல் பாதி.

மறுபாதிக்கு, ஜெபம் முடிந்து சற்று இடைவெளி விட்டு, 15 நிமிடம் போதும். அரசின் ஒன்றாம், இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு நிலைகளாகப் பிரித்த தமிழ்க் கதைகள் இருக்கின்றன. முதல் நிலையில் தொடங்குங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தடுமாறினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

எங்கே தடுமாறுகிறான் என்று குறித்துவையுங்கள். பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் சிக்கல் இருக்கும். ஒன்று, கெ, கே, கை, கொ, கோ வரிசை. ஒலியில் பின்னால் வரும் உயிர், எழுத்தில் முன்னால் நிற்கிறது. 'கொ'வில் கடைசியில் உள்ள துணைக்கால் 'ர' போலத் தெரிகிறது. அதனால் 'கொடி' என்பதை 'கெரடி' என்று வாசிப்பான். அட்டையில் ஒற்றைக்கொம்பைச் சிவப்பிலும் மெய்யைக் கறுப்பிலும் துணைக்காலைச் சிவப்பிலும் எழுதி, சிவப்பு இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி என்று காட்டுங்கள். மற்றொன்று, ல, ள, ழ, ர, ற, ண, ன. இவற்றை ஒரே நாளில் சேர்த்துக் கற்பித்தால் குழப்பம் நிலைத்துவிடும். ஒன்று உறுதியான பிறகே அதன் இணையைத் தொடுங்கள். வாசிக்கும்போது தவறினால் இரண்டு விநாடி பொறுத்து, சரியான சொல்லை மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள். திருத்தமெல்லாம் அட்டைப் பயிற்சியின்போது.

கேள்வி: வாசித்து முடித்ததும் கேள்வி கேட்டால் 'தெரியலம்மா' என்கிறாள். வயது எட்டு. கவனம் இல்லையோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, கதையை அவளையே சொல்லச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் கிறிஸ்தவக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) வீட்டுக்கல்விக்கு வகுத்த முறை இதுதான். ஒரே முறை வாசிப்பது, உடனே பிள்ளை தன் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்வது. ஆறு வயதுக்கு முன் இதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், எட்டு வயதுக்குக் கீழ் எந்தப் பாடமும் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் அவர் கருதினார்.

யோனாவின் முதல் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 17 வசனங்கள். முதல் நாள் ஆறு வசனம் மட்டும். தொடங்குமுன் நினிவே, யோப்பா, தர்ஷீஸ் என்ற மூன்று பெயர்களையும் ஒரு தாளில் எழுதி அவள் முன்னால் வையுங்கள். பெயர் நினைவில்லாமல்தான் பல பிள்ளைகள் வாயையே திறப்பதில்லை. நிதானமாக, ஒருமுறை மட்டும் வாசியுங்கள். மறுபடி வாசிப்பீர்கள் என்று தெரிந்தால் முதல் தடவை கவனிக்கமாட்டாள். பிறகு, 'நீ சொல்லு, நான் கேக்குறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு மௌனமாக இருங்கள். அரை நிமிட மௌனம் உங்களுக்கு நீளமாகத் தோன்றும். அவளுக்கு அது தேவை.

பேச்சுத் தமிழில் சொல்லட்டும். இடையில் குறுக்கிடாதீர்கள், விட்டுப்போனதை எடுத்துக்கொடுக்காதீர்கள். முடித்த பிறகு, 'அவன் ஏன் கப்பலின் கீழ்த்தட்டுக்குப் போனான்?' என்பது போல ஒரே ஒரு விஷயத்தைப் பேசலாம். ஒன்றுமே வரவில்லை என்றால் பகுதி நீளமாகிவிட்டது என்று பொருள்; மறுநாள் மூன்று வசனமாகக் குறையுங்கள். வாய்மொழியில் தடையின்றி வருகிற வரை எழுதச் சொல்லாதீர்கள். பத்து வயதுக்குப் பிறகு எழுதுவதைத் தொடங்கினால் போதும்.

தயவுசெய்து கடைசியில் நீதி சேர்க்காதீர்கள். 'யோனாவைப் போலக் கீழ்ப்படியாமல் இருக்கக் கூடாது, சரியா?' என்று முடித்தால், அடுத்த நாள் அவள் கதையை விட்டுவிட்டு நீங்கள் எதிர்பார்க்கும் அந்த ஒரு வரியைத் தேடத் தொடங்குவாள். வசனம் பிள்ளையின் மனதில் தானே வேலை செய்யும் என்று நாம் விசுவாசிப்பது உண்மையானால், அதற்கு இடம் விடுவதும் விசுவாசம்தான்.

கேள்வி: நான்கு, எட்டு, பன்னிரண்டு வயதில் மூன்று பிள்ளைகள். வருடத்துக்கு ஒருமுறை வேதாகமம் முழுவதையும் குடும்பமாக முடிக்கத் திட்டமிட்டோம். லேவியராகமத்தில் நின்றுவிட்டது. (வாசகி, தூத்துக்குடி)

பதில்: வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வருடத்துக்குள் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். பெரியவர்களின் தனி வாசிப்புக்கு அது ஏற்ற அளவு. நான்கு வயதுப் பிள்ளை மடியில் இருக்கும்போது முடியாது. நாளுக்கு ஓர் அதிகாரம், வாரம் ஐந்து நாள் என்று வையுங்கள். மாற்கு (16) மூன்று வாரத்தில் சற்று அதிகம், ஆதியாகமம் (50) பத்து வாரம், ரூத் (4) ஒரு வாரத்துக்குள். நான்கு சுவிசேஷங்களும் சேர்ந்து 89 அதிகாரம். பதினெட்டு வாரத்தில் முடியும். லேவியராகமத்தின் 27 அதிகாரங்களைப் பன்னிரண்டு வயது மகள் உங்களோடு தனியாக வாசிக்கட்டும்.

மொத்த ஜெப நேரம் 20 நிமிடம். முதலில் ஒரு கீர்த்தனை. சின்னவனுக்கு அதுதான் ஜெபம். அதன்பின் அவன் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாலும் காது இங்கேதான் இருக்கும். அடுத்து வாசிப்பு. எட்டு வயதுப் பிள்ளை முதலில் திருப்பிச் சொல்லட்டும், மூத்தவள் விட்டுப்போனதைச் சேர்க்கட்டும். இந்த வரிசையை மாற்றினால் நடுப்பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

பிள்ளைகளுக்கு இப்போதைக்குத் தகாத பகுதிகளும் வரும்: ஆதியாகமம் 19, 34, 38, நியாயாதிபதிகள் 19. முந்தின இரவே ஒருமுறை பார்த்துவையுங்கள். வேண்டாமென்றால் முழு அதிகாரத்தையும் தாண்டிவிடுங்கள். வாசிக்கும்போதே மாற்றிச் சொல்லாதீர்கள். பின்னால் தானே வாசிக்கும்போது அம்மா ஏன் வேறு மாதிரி சொன்னாள் என்று கேட்பாள்.

கேள்வி: ஞாயிறு பள்ளிக்காக மனப்பாடம் செய்த வசனங்கள் அடுத்த மாதமே மறந்துவிடுகின்றன. (வாசகி, திருச்சி)

பதில்: திரும்பச் சொல்ல ஒழுங்கு இல்லாததே காரணம். ஒரு சிறிய பெட்டியும் 41 தடுப்பு அட்டைகளும் வாங்குங்கள்: 'தினமும்' என்று ஒன்று, ஒற்றைப்படை நாள், இரட்டைப்படை நாள் என்று இரண்டு, கிழமைகளுக்கு ஏழு, தேதிகளுக்கு 31. ஒவ்வொரு வசனத்தையும் தனி அட்டையில் எழுதுங்கள்; புது வசனம் 'தினமும்' தடுப்புக்குப் பின்னால் இருக்கும். தடையின்றிச் சொல்ல வந்ததும் ஒற்றை அல்லது இரட்டை நாளுக்கும், பிறகு ஒரு கிழமைக்கும், கடைசியில் ஒரு தேதிக்கும் நகரும். எந்த நாளிலும் நான்கு தடுப்புகளில் உள்ளதைத்தான் எடுப்பீர்கள்: தினமும், ஒற்றை அல்லது இரட்டை, அன்றைய கிழமை, அன்றைய தேதி. ஐந்து நிமிடம் ஆகும். உதிரி வசனங்களைவிட முழுச் சங்கீதம் நிலைக்கும்; 117 (இரண்டு வசனம்), 100 (ஐந்து), 23 (ஆறு), 121 (எட்டு) என்ற வரிசையில் போகலாம்.

கேள்வி: கிறிஸ்தவ நூல்கள் மட்டும் வாசிக்கக் கொடுத்தால் போதாதா? திருக்குறள் கற்பிக்கலாமா என்று சபையில் ஒருவர் கேட்டார். (வாசகி, மதுரை)

பதில்: தாராளமாகக் கற்பியுங்கள். 1886-இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு. போப் ஒரு மிஷனெரி. குட்டிப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும் பரமார்த்த குருவின் கதைகளை எழுதியவர் வீரமாமுனிவர் என்ற கத்தோலிக்கக் குரு. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கியவரும் அவரே. கிறிஸ்தவக் கவிஞர் ஹெச்.ஏ. கிருஷ்ண பிள்ளை கம்பனில் ஊறியவர். அதனால்தான் 1894-இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தை 3,766 பாடல்களில் அவரால் பாட முடிந்தது. தமிழ் இலக்கியம் தெரியாமல் வளரும் பிள்ளைக்கு நம் கீர்த்தனைகளே பாதி புரியாது. ஆறு வயதுக்கு மேல் வாரம் ஒரு குறள், அதே திருப்பிச் சொல்லும் முறையில்.

கேள்வி: வீட்டில் படித்தால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கிடைக்குமா? (வாசகி, வேலூர்)

பதில்: கிடைக்கும். என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்ததும் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். குறைந்தது ஐந்து பாடங்கள், ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வுகள். ஒரு பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும் என்பதால் பாடங்களைப் பிரித்து எழுதலாம். தமிழக அரசின் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத 12½ வயது நிறைந்திருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை சொல்லப்படவில்லை. வீட்டுக்கல்வியைப் பற்றித் தனி விதி இல்லாததால், பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஆண்டுவாரியாகப் பிள்ளை வாசித்த நூல்களின் பட்டியல், எழுத்து வேலைகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். பிறகு பள்ளியில் சேர்க்க நேர்ந்தாலும் அது உதவும்.

கேள்வி: கணவர் இரவு ஒன்பதரைக்குத்தான் வருகிறார். குடும்ப ஜெபத்தை அப்பா நடத்த வேண்டாமா? (வாசகி, சென்னை)

பதில்: காலையில் அவர் கிளம்புமுன் பத்து நிமிடம் கிடைக்குமா பாருங்கள், ஒரு சங்கீதமும் ஒரு ஜெபமும் அதற்குள் அடங்கும். அதுவும் முடியாவிட்டால் ஞாயிறு மாலை அவருடையதாக இருக்கட்டும். அந்த வாரம் வாசித்த கதையைப் பிள்ளைகள் அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் கேட்க வேண்டும். வார நாட்களில் நீங்கள் நடத்துவதில் குறை எதுவும் இல்லை. தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்றே பவுல் எழுதுகிறார்.