புதிய தலைவர் போடும் ஆட்களால் அரசியல் மாறுமா?

கேள்வி: புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் செய்யும் நியமனங்கள் நிஜமான மாற்றத்தைக் கொண்டுவருமா?

பட்டியல் வந்த அன்றே எதுவும் சொல்ல முடியாது. சேலம் ஐந்து ரோட்டு டீக்கடையில் எந்த மாவட்டத்துக்கு எத்தனை மந்திரி என்று கணக்குப் போடுவோம், நானும் சேர்ந்துதான். பொழுது நன்றாகப் போகும், அவ்வளவுதான். ‘மாற்றம்’ என்று முழங்கி 2008-ல் ஜெயித்த ஒபாமா, புஷ்ஷின் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸையே வைத்துக்கொண்டார். சுகாதாரத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த டாம் டாஷல் வரி பாக்கி விவகாரத்தில் பதவி ஏற்காமலே விலகினார். ஆனாலும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 2010-ல் நிறைவேறியது. நாடாளுமன்றத்தில் அதற்கு ஓட்டு இருந்தது.

எங்கள் பக்கத்திலேயே இதைவிட நல்ல உதாரணம் உண்டு. திருச்செங்கோடு அப்போது சேலம் ஜில்லா. அதை ஒட்டிய குமாரமங்கலத்து ஜமீன்தார் ப. சுப்பராயன் 1926-ல் சென்னை மாகாண முதல் மந்திரி ஆனார். கட்சி பலம் கிடையாது, கவர்னர் தயவில் ஓடிய சுயேச்சை மந்திரிசபை. 1928-ல் சைமன் கமிஷன் தகராறில் இரண்டு மந்திரிகள் விலக, முத்தையா முதலியார் உள்ளே வந்தார். அரசு வேலைகளைச் சாதி, மதவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி அரசாணையை நீதிக்கட்சி 1921-லேயே போட்டிருந்தது, ஃபைலில் கிடந்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். 12 அரசு வேலை என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர், ஆங்கிலோ இந்தியருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. (ஒன்றே ஒன்றுதானா என்று இன்றைக்குக் கோபம் வரத்தான் செய்கிறது.) மந்திரிசபை 1930-ல் போய்விட்டது. அந்த முறை, நடுவில் கொஞ்சம் திருத்தப்பட்டு, 1951-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லும்வரை நின்றது.

ஆக, ஆள் முக்கியமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏழு வருடம் தூங்கிய ஆணையை எழுப்ப ஒருவர் வரவேண்டியிருந்தது. ஆனால் ஆணை என்று ஒன்று இல்லாமல் அவர் மட்டும் வந்திருந்தால், பத்தோடு பதினொன்றாகப் போயிருப்பார்.

சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி கதை வேறு. 1937-ல் மாகாணப் பிரதமரானதும் (முதல் மந்திரியை அப்போது அப்படித்தான் சொன்னார்கள்), அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை நம்ம ஜில்லாவில்தான் முதலில் கொண்டுவந்தார். கள்ளு, சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். அதே வருடம் ராஜினாமா. அப்புறம் கவர்னர் ஆட்சியில் மதுவிலக்கைக் கைவிட்டுவிட்டார்கள். வரியை மட்டும் யாரும் கைவிடவில்லை, 2017-ல் ஜி.எஸ்.டி. வரும்வரை கட்டிக்கொண்டிருந்தோம்.