நாலு மாதம், ஒரே அட்டை பேட்டரி

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 4 மாதம். காது கேட்கிறதா என்று பார்க்கிற பெரா டெஸ்ட் எடுத்து, இரண்டு காதும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நாலு மாதமாகக் காது கேட்கும் மெஷின் போட்டும் பலன் இல்லை. பேட்டரிக்குக்கூட பெரிய செலவில்லை, முதலில் வாங்கிய அட்டையிலேயே இரண்டு மிச்சம் இருக்கிறது. டாக்டர், உள்காதில் கருவி பொருத்துகிற காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷனுக்கு யோசிக்கச் சொல்கிறார். தலையில் கத்தி வைக்கக் கூடாது என்கிறார் மாமியார். 5 வயது வரை பார்க்கலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் பக்கம்

பதில்: ஆபரேஷன் இருக்கட்டும், முதலில் அந்த அட்டையை எடுங்கள். அதில் 6 பேட்டரி. பையன் விழித்திருக்கிற நேரமெல்லாம் மெஷின் காதில் இருந்தால் ஒரு பேட்டரி ஒரு வாரம் ஓடும், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம். இரண்டு காதுக்கு ஒரு அட்டை ஒன்றரை மாதம் வந்தாலே அதிகம். உங்கள் வீட்டில் நாலு மாதத்துக்கு நாலே பேட்டரி! மெஷின் டப்பாவில்தானேம்மா இருந்திருக்கிறது?

பிடுங்கிப் போடுகிறான், ‘கீ’ என்று கத்துகிறது, ஆள் வந்தால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும், இந்தக் கடிதம் எனக்குப் பழசு. கீ என்று கத்தினால் பெரும்பாலும் மோல்டு, அதாவது காதின் அளவெடுத்துச் செய்து காதுக்குள் வைக்கிற அச்சு, லூஸாகியிருக்கும். இந்த வயதில் காது வளர்ந்துகொண்டே இருக்கும், சில மாதத்துக்கு ஒரு முறை புது மோல்டு எடுத்தே ஆக வேண்டும். ஆள் பார்க்கிறார்கள் என்று கழற்றினீர்களென்றால், அதற்கு என்னிடம் நல்ல வார்த்தை கிடையாது.

ஆபரேஷன் தேவைப்படலாம், டாக்டர் சும்மா சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அதற்கப்புறமும் காதுக்குப் பின்னால் ஒரு மெஷின் உண்டு என்று யாராவது சொன்னார்களா? சில வாரம் கழித்துத்தான் அதை ஆன் செய்வார்கள், பிறகு தினமும் போட வேண்டும், ஸ்பீச் தெரபிக்கு வருஷக்கணக்கில் அலைய வேண்டும். இதையே போடாத வீடு அதை மட்டும் போட்டுவிடுமா?

உங்கள் கணவர் சொல்கிற 5 வயது எங்கிருந்து வந்தது? சத்தத்தைப் பேச்சாகப் புரிந்துகொள்ள மூளை பழகுகிற காலமே இந்த முதல் சில வருஷம்தான். முதலமைச்சர் காப்பீட்டில் இந்த ஆபரேஷன் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான், அதற்காக 5 வரை உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை யாரும். மாமியாருக்குக் காபி ஆற்றிக் கொடுங்கள், கால் பிடித்துவிடுங்கள், இந்த விஷயத்தில் மட்டும் ஓட்டு கொடுக்காதீர்கள். முடிவு பெற்றவர்கள் இரண்டு பேருடையது. அம்மா முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டு அப்பா பதவி பார்க்க முடியாது என்று நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள்.

நாளைக்கே புது மோல்டுக்கு அளவு கொடுங்கள். காலையில் எழுந்ததும் மாட்டினால் குளிக்கவும் தூங்கவும் மட்டும்தான் கழற்ற வேண்டும். ஒவ்வொரு பேட்டரியிலும் சின்ன ஸ்டிக்கர் இருக்கும், உரித்து அன்றைய தேதியில் காலண்டரில் ஒட்டுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தக் காலண்டரோடு டாக்டரிடம் போய், இதுவரை சரியாகப் போடவில்லை என்ற உண்மையையும் சொல்லிவிட்டு, ஆபரேஷனைப் பற்றிக் கேளுங்கள். கணவரும் கூட வரட்டும், ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும்.