விபத்தில் சிக்கியவரைத் தூக்கினால் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா?

கேள்வி: இரவில் கார் ஓட்டி வேலைக்குப் போய் வருகிறேன். கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்தை ஒரு பஸ் டிரைவர் காப்பாற்றியதைப் படித்தேன். என் கண்ணெதிரே அப்படி நடந்தால் இறங்கி உதவ ஆசைதான். ஆனால் போலீஸ், சாட்சி, கேஸ் என்று இழுத்தடிப்பார்களோ?

பதில்: இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது, இப்போது இல்லை. 2022 டிசம்பர் 30 அதிகாலை, ரூர்க்கி அருகே பந்தின் கார் தடுப்பில் மோதியது. ஓடி வந்த ஹரியானா அரசு பஸ்ஸின் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அடிபட்டவர் யாரென்றே தெரியாது. டிரைவர் கிரிக்கெட் பார்க்கிறவரே இல்லையாம்!

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு உங்களுக்கானது. நல்லெண்ணத்தோடு, பலன் எதிர்பார்க்காமல் உதவும்போது தவறிப்போய் ஏதாவது நேர்ந்தாலும் உங்கள் மேல் சிவில், கிரிமினல் வழக்கு எதுவும் வராது. பெயர், முகவரி சொல்லச் சொல்லி போலீஸ் கட்டாயப்படுத்த முடியாது. ஆஸ்பத்திரியில் உங்களை நிறுத்தி வைக்கவோ பணம் கட்டச் சொல்லவோ கூடாது. நீங்களாக விரும்பிச் சாட்சி சொல்ல முன்வந்தால், உங்களுக்கு வசதியான இடத்தில், ஒரே முறைதான் விசாரிக்க வேண்டும். ஒன்று மட்டும்: மோதியது உங்கள் வண்டியாக இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அப்போது அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது உங்கள் கடமை.

சட்டத்தைவிட நான் கவலைப்படுவது, உதவப் போகிறவர் கை என்ன செய்கிறது என்பதைப் பற்றித்தான். நம் ஆட்கள் செய்யும் முதல் வேலை, கையைக் காலைப் பிடித்து ஆட்டோவில் திணிப்பது. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு இழுப்பில் கை, கால் செயலிழந்துவிடலாம். பந்தின் கார் தீப்பிடித்து எரிந்தது. அந்த மாதிரி நேரத்தில் யோசிக்கவே கூடாது, இழுத்துவிட வேண்டும். தீயோ வேறு ஆபத்தோ இல்லையென்றால் அடிபட்டவரை அசைக்காதீர்கள். தலைக்கு இரு பக்கமும் கை கொடுத்து, அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ரத்தம் கொட்டினால் துண்டை மடித்து அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். குடிக்கத் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

அதற்கும் முன்னால் உங்கள் வண்டியை ஓரங்கட்டி, நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். இருட்டில் உதவப் போனவர்கள் மேலேயே அடுத்த லாரி ஏறிய கதைகள் உண்டு. அப்புறம் 108 அல்லது 112. கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் தேடி அலையாது.

ஆஸ்பத்திரிவரை கூடப் போனால், கிளம்பும் முன் நீங்கள் அழைத்து வந்ததற்கு ஒரு சான்று எழுதிக் கேளுங்கள். கேட்டால் தர வேண்டும் என்பது விதி.