முழங்கையில் இடித்தால் சுண்டுவிரல் துடிப்பது ஏன்?

கேள்வி: முழங்கையைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டால், சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கிறதே, ஏன்? அடிக்கடி மரத்தும் போகிறது. அஞ்ச வேண்டுமா?

பதில்: அங்கே அடிபடுவது அல்நார் நரம்பு. கழுத்தின் அடிப்பகுதியில் தண்டுவடத்திலிருந்து புறப்பட்டுக் கையின் உட்புறமாக இறங்கும் இந்த நரம்பு, முழங்கையின் உட்பக்க எலும்புமுனைக்குப் பின்னால், தசையின் காப்பு ஏதுமின்றித் தோலை ஒட்டியே செல்கிறது. சுண்டுவிரலின் உணர்வையும் மோதிரவிரலில் ஒரு பாதியின் உணர்வையும் கொண்டுசெல்லும் இழைகள் இதில் இருப்பதால், வழியில் எங்கே அடிபட்டாலும், மூளை அதனை விரலிலிருந்து வந்த செய்தியாகவே எடுத்துக்கொள்கிறது.

மூளையிலிருந்து 12 இணைகளும் தண்டுவடத்திலிருந்து 31 இணைகளுமாகக் கிளைக்கும் நரம்புகளே, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே உடலெங்கும் பரவும் புற நரம்பு மண்டலத்தின் அடிப்படை. அவற்றுள் பல, உணர்வை மேலே அனுப்புவதோடு கட்டளையைக் கீழேயும் கொண்டுவருகின்றன. விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் உதவும் சிறு தசைகளை இயக்குவதும் இதே அல்நார் நரம்புதான். ஆகவே, முழங்கையை மடக்கியே உறங்குவதாலோ மேசையில் ஊன்றியே இருப்பதாலோ அது நெடுநாள் அழுத்தப்பட்டால், மரத்துப்போவதோடு நில்லாமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றி, சட்டைப் பொத்தான் போடுவதே சிரமமாகிவிடும்.

எப்போதாவது இடித்துக்கொள்வதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கு அடிக்கடி மரத்துப்போவதால், நரம்பியல் மருத்துவரைத் தாமதமின்றிப் பாருங்கள். அழுத்தம் நீடித்துச் சிதைந்துபோன நரம்பிழை, மீண்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், முழங்கையிலிருந்து விரலை எட்ட அதற்குப் பல மாதங்கள் ஆகும்.