பெயின்ட்டை உரிக்க எதை வாங்குவது? மினியேச்சர் பொம்மைகள் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: நாங்கள் லண்டனின் ஹாரோவில் வசிக்கிறோம். பதினான்கு வயதாகும் என் மகனுக்கு, சிறு போர்வீரர் பொம்மைகளுக்குப் பெயின்ட் பூசி மேசைமேல் போர் நடத்தும் வார்ஹாமர் விளையாட்டில் ஆர்வம் வந்திருக்கிறது. புதுப் பெட்டிகளின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதால், இணைய ஏலத்தில் ஒரு தனிநபரிடமிருந்து அந்த விளையாட்டின் ‘ஸ்பேஸ் மரீன்’ வீரர் பொம்மைகள் 22ஐ 30 பவுண்டுக்கு எடுத்தேன். ‘எல்லாம் பிளாஸ்டிக்’ என்று விளம்பரத்தில் இருந்தது. வந்தவற்றில் ஐந்து மட்டும் கையில் எடுத்தால் கனக்கின்றன. எல்லாவற்றின் மேலும் சிவப்புப் பெயின்ட் கூழ் போல அப்பியிருப்பதால் முகத்தில் கண் எது, மூக்கு எது என்றே தெரியவில்லை. டெட்டாலில் ஊறப்போடச் சொல்கிறார் ஒரு நண்பர். பிரேக் ஆயில்தான் சரி என்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது?

பதில்: திரவம் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வந்த நிலையிலேயே 22 பொம்மைகளையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, விளம்பரத்தின் வாசகத்தையும் சேமித்து வையுங்கள். பிரிட்டனில் கடைக்காரரிடம் வாங்கியிருந்தால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் நிராகரித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தனிநபர் விற்றதற்கு அந்தச் சட்டத்தின் தர உத்தரவாதம் பொருந்தாது. ஆயினும், விற்றவர் சொன்ன விவரிப்புக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்ற 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி தனிநபருக்கும் உண்டு. ஆகவே முறையிடும் எண்ணம் இருந்தால் இப்போதே முறையிடுங்கள். பெயின்ட்டை உரித்த பிறகு அது நீங்கள் மாற்றிவிட்ட பொருளாகிவிடும், அதன் பின் பேசுவதற்கு வலு இருக்காது. என்னைக் கேட்டால், கனமான அந்த ஐந்தையும் திருப்பி அனுப்ப அவசரப்பட வேண்டாம் என்பேன். அவை பழைய உலோக வார்ப்புகளாக இருந்தால், சேகரிப்பவர்கள் பிளாஸ்டிக்கைவிட அவற்றுக்கே கூடுதல் விலை கொடுக்கக்கூடும்.

அடுத்து, ஒவ்வொரு பொம்மையும் எதனால் ஆனது என்று பிரித்து வையுங்கள். எந்தத் திரவம் என்ற கேள்விக்கு விடை பெயின்ட்டைவிட அதன் அடியில் இருக்கும் பொருளைத்தான் பெரிதும் பொறுத்தது. பொம்மையைக் கவிழ்த்து, அடித்தட்டுக்குள் மறைந்திருக்கும் பகுதியைக் கூர்மையான கத்தியால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளியாக மின்னினால் உலோகம். தேங்காய்த் துருவல் போலச் சுருண்டு வந்தால் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். மாவாக உதிர்ந்தால் ரெசின் என்ற வார்ப்புப் பிசின். வார்ஹாமரைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 2011இல் உலோகத்துக்குப் பதிலாக வெளியிட்ட ‘ஃபைன்காஸ்ட்’ வகை ரெசின்தான், அதில் ஊசிமுனை அளவில் காற்றுக் குமிழ்க் குழிகள் தென்படுவதும் உண்டு. உலோகப் பொம்மையின் காலடியில், அடித்தட்டின் பிளவுக்குள் செருகப்படும் பட்டையான நாக்கில் பெயரோ ஆண்டோ பொறித்திருக்கலாம். அது வடிவத்துக்கான பதிப்புரிமை ஆண்டு மட்டுமே என்பதால், அதே அச்சில் பல ஆண்டுகள் கழித்து வார்த்த பொம்மையிலும் அதே எண்தான் இருக்கும். ஏலக்காரர்கள் இந்த எண்ணைக் காட்டி ‘1988 மாடல்’ என்று விலை ஏற்றுவதைப் பார்க்கிறேன். அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிளாஸ்டிக்குக்கும் உலோகத்துக்கும் பொதுவாக, முதலில் வாங்க வேண்டியது 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மின்னணுச் சாதனங்களைத் துடைப்பதற்காக விற்கப்படும் இதன் ஒரு லிட்டர் பாட்டில் பத்துப் பவுண்டையொட்டிக் கிடைக்கிறது. வடிகட்டிப் பலமுறை பயன்படுத்தலாம் என்பதால் 22 பொம்மைகளுக்கு ஒரு லிட்டர் தாராளம். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்திலும் வேலை நடக்கும், நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும். இந்த விளையாட்டுக்காரர்கள் பெரும்பாலும் பூசுவது அக்ரிலிக் பெயின்ட் என்பதால் ஆல்கஹால் அதை இளக்கிவிடும். சந்தேகமிருந்தால், காது குடையும் பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் தோய்த்து முதுகுப்புறத்தில் அரை நிமிடம் தேயுங்கள். பஞ்சில் சிவப்பு ஏறினால் அது அக்ரிலிக்தான். ஏறவே இல்லையென்றால் இனாமல் பெயின்ட்டாகவோ, மேலே கடினமான வார்னிஷ் பூசியதாகவோ இருக்கும். நிழல் விழுவதற்காகப் பழுப்பு நிறப் பாலியூரிதேன் வார்னிஷில் பொம்மையை அப்படியே முக்கி எடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அப்படிச் செய்தவை தேன் தடவியதுபோலப் பளபளக்கும். அவற்றை உரிப்பது பெரும்பாடு என்பதால், இனி ஏலம் எடுக்கும்போது படத்தில் அந்தப் பளபளப்பைக் கண்டால் விலகிவிடுங்கள்.

செய்முறை எளிது. வாயகன்ற கண்ணாடிப் பாட்டிலில் நான்கைந்து பொம்மைகளைப் போட்டு, மூழ்கும் அளவுக்கு ஆல்கஹால் ஊற்றி, மூடி, இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். தடித்த பூச்சுக்கு ஓர் இரவு. எடுக்கும்போது பெயின்ட் வெந்த தக்காளித் தோல்போலச் சுருங்கிக் கழன்றிருக்கும். அதைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, கவசத்தின் இடுக்குகளில் ஒட்டியிருப்பதைப் பல்குச்சியால் கிளறி எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவினால் போதும். கொதிநீர் வேண்டாம், வாளும் துப்பாக்கியும் வளைந்துவிடும். சூப்பர் குளூவால் ஒட்டிய கைகால்கள் ஊறலில் கழன்று விழக்கூடும் என்பதால் ஒவ்வொரு வகையையும் தனித்தனிப் பாட்டிலில் போடுங்கள். பிளாஸ்டிக் சிமென்ட்டால் ஒட்டியவை பிரியாது. அது பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக இணைத்துவிடும் பசை. சிவப்பு நிறமி பிளாஸ்டிக்குக்குள் ஊறி இளஞ்சிவப்புக் கறையாக நிற்கும். பெயின்ட்டுக்கு அடிப்பூச்சாக ஸ்ப்ரே செய்த பிரைமரும் அங்கங்கே பிடிவாதமாக ஒட்டியிருக்கும். முகத்தின் கண்ணும் மூக்கும் தெளிவாகத் தெரிந்துவிட்டால் அத்தோடு நிறுத்திவிடலாம். எப்படியும் மறுபடி பிரைமர் அடிக்கத்தான் போகிறீர்கள். பளிச்சென்ற சாம்பல் நிறம் வரும்வரை தேய்ப்பவர்கள் கடைசியில் தோள்பட்டையின் கூர் விளிம்புகளைத்தான் தேய்த்துவிடுகிறார்கள்.

ரெசினை மட்டும் ஆல்கஹாலில் நெடுநேரம் ஊறவிடாதீர்கள். சில வகை மென்மையாகி விளிம்பு உதிரும். அதற்குப் ‘பயோஸ்ட்ரிப் 20’ போன்ற, நீர் சார்ந்த பசை வடிவ நீக்கி பொருத்தமானது. பூசி, காற்றுப் புகாத உறையில் போட்டு வைத்து, பிறகு பிரஷும் தண்ணீரும் கொண்டு கழுவலாம். எதுவானாலும் முதலில் ஒரே ஒரு பொம்மையில், அதுவும் உடைந்துபோன ஒன்றில், சோதித்துப் பாருங்கள்.

டெட்டாலைச் சொன்ன உங்கள் நண்பரும் பொய் சொல்லவில்லை. பிரிட்டனில் பழைய ஆட்டக்காரர்கள் பலர் அந்தப் பழுப்புத் திரவத்தில்தான் உரித்தார்கள். ஆனால் ஊறிய பொம்மையை நேரே குழாய்த் தண்ணீரில் காட்டினால், இளகிய பெயின்ட் தார்போலப் பிசுபிசுத்து பொம்மையிலும் விரலிலும் கழுவுதொட்டியிலும் ஒட்டிக்கொள்ளும். டெட்டாலிலேயே முதல் தேய்ப்பை முடித்துவிட்டு, பிறகு சோப்பு, கடைசியாகத்தான் தண்ணீர். வீடு ஒரு வாரத்துக்கு ஆஸ்பத்திரி வார்டுபோல மணக்கும். பூனை வளர்க்கிறீர்கள் என்றால் அதற்கு அந்தத் திரவம் நஞ்சு. ஆல்கஹால் இந்த விலைக்குக் கிடைக்கும்போது டெட்டாலைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. பிரேக் ஆயில் வேண்டவே வேண்டாம்: விழுங்கினால் நஞ்சு, தோலுக்கும் ஆகாது, சாக்கடையில் கொட்டவும் கூடாது. அது பெயின்ட்டை உரிப்பது உண்மைதான்; கார்மீது ஒரு சொட்டு சிந்தினால் கார் பெயின்ட்டையும் சேர்த்தே உரிக்கும்.

ஆல்கஹாலுக்கும் எச்சரிக்கை உண்டு. அதன் ஆவி, அறையின் சாதாரண வெப்பத்திலேயே தீப்பற்றும் தன்மையுடையது. கேஸ் அடுப்பு உள்ள சமையலறையில் செய்யாதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, மகனைத் தனியே விடாமல் நீங்களும் உடனிருந்து செய்யுங்கள். பயன்படுத்திய திரவத்தைக் காபி வடிதாளில் வடித்து வைத்துக்கொண்டு, இனி உதவாது என்றானதும் உள்ளாட்சி மறுசுழற்சி மையத்தில் ஒப்படையுங்கள்.

கேள்வி: பரணில் இருந்த பெட்டியில் 1980களின் உலோகப் போர்வீரர்கள் கிடைத்தார்கள். சிலவற்றின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. வினிகரில் ஊறப்போட்டால் பெயின்ட்டும் பொடியும் ஒன்றாகப் போய்விடுமா?

பதில்: வினிகரைத் தொடவே தொடாதீர்கள். அக்காலத்து உலோகப் பொம்மைகளில் ஈயம் கலந்திருப்பது சர்வசாதாரணம். ஈயம் இல்லாத கலவைகளுக்குத் தயாரிப்பாளர்கள் மாறியது 1990களில்தான். ஈயத்தின் மேல் பூக்கும் அந்த வெள்ளைப் பொடி பெரும்பாலும் ஈயக் கார்பனேட், அதற்கு மூலகாரணமே அசிட்டிக் அமில ஆவி. கருவாலி மரத்தில் செய்த அலமாரிகள் அந்த ஆவியைத் தொடர்ந்து கசியவிடுவதால், பெருமையாகக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்த சேகரிப்புகள்தான் முதலில் பூக்கின்றன. வினிகர் என்பதும் அதே அசிட்டிக் அமிலம்தான். ஈயத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையும் நச்சு உப்பைத்தான் உண்டாக்கும்.

வெள்ளைத் தாளில் பொம்மையின் அடிப்பகுதியைத் தேய்த்துப் பாருங்கள். ஈயம் மிகுந்திருந்தால் பென்சில்போலச் சாம்பல் கோடு விழும். கோடு விழாததால் ஈயமே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கையுறை அணிந்து, ஈரத்திலேயே வேலை செய்யுங்கள்: சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பொடியைக் கழுவி, பிறகு ஆல்கஹாலில் ஊறவைத்து, ஈரமாக இருக்கும்போதே தேயுங்கள். உலர்ந்த பிரஷ், உப்புத்தாள், அரம் மூன்றும் தூசியைக் கிளப்புபவை என்பதால் கூடாது. சாப்பாட்டு மேசையில் செய்யாதீர்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் இருக்க வேண்டாம். நன்றாக உலர்ந்ததும் தாமதிக்காமல் பிரைமர் அடித்து, மரப்பெட்டியில் அல்லாமல் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். பரணில் பழைய பெயின்ட் நீக்கி டப்பாவும் இருந்தால் அதைத் திறக்காதீர்கள். டைக்குளோரோமீத்தேன் கலந்த அவ்வகை நீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2011 முதல் தடை செய்துவிட்டது. மூடிய அறையில் அதன் ஆவியைச் சுவாசித்தவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள்.

கேள்வி: ‘அசிட்டோன் இல்லாதது’ என்று அச்சிட்டிருந்த நகப்பூச்சு நீக்கியில் பிளாஸ்டிக் பொம்மையைப் போட்டேன். அரை மணியில் பபிள்கம்போல ஆகிவிட்டது. கடைக்காரரிடம் பணம் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கிடைக்காது. அசிட்டோனுக்குப் பதிலாக அதில் பெரும்பாலும் எத்தில் அசிட்டேட் இருக்கும், அதுவும் பாலிஸ்டைரீனைக் கரைப்பதுதான். லேபிளில் பொய் இல்லை. நகப்பூச்சை நீக்கும் வேலையை அது சரியாகவே செய்யும். ‘பிளாஸ்டிக் பொம்மையில் பெயின்ட் எடுக்க வேண்டும், இது சரிவருமா’ என்று நீங்கள் கேட்டு, கடைக்காரர் ‘சரிவரும்’ என்று சொல்லித் தந்திருந்தால் கதை வேறு. நீங்கள் தெரிவித்த குறிப்பிட்ட நோக்கத்துக்கு ஏற்றதாக இல்லை என்று 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வாதிட இடமுண்டு. மீதமுள்ள பாட்டிலை வீசிவிட வேண்டாம், உலோகப் பொம்மைக்கு உதவும். பிளாஸ்டிக் அடித்தட்டை மட்டும் மறக்காமல் முதலில் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: மூக்குக் கண்ணாடி, நகைகளை ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் கிளீனர் வாங்கினால் வேலை சீக்கிரம் முடியுமா?

பதில்: நூற்றுக்கணக்கில் உரிப்பவருக்குப் பயன்படும், பத்திருபது பொம்மைகளுக்குத் தேவையில்லை. ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்றால், தொட்டிக்குள் நேராக ஆல்கஹாலை ஊற்றாதீர்கள். இயந்திரம் சூடாகும்போது ஆவி தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த பொம்மையைக் கழுவி, தொட்டியில் சோப்புத் தண்ணீர் மட்டும் நிரப்பி ஓட்டுங்கள்.