6 முதல் 8 வரை: அறிவியலைச் செய்து பார்க்க வைப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: ஏழாம் வகுப்பில் 45 பிள்ளைகள். ஆய்வகம் கிடையாது. எதை வைத்துச் சோதனை செய்வது, சார்?

பதில்: நூல், கல், வினாடி காட்டும் கடிகாரம் போதும். ஐந்தைந்து பேராகப் பிரித்து ஊசல் கட்டச் சொல்லுங்கள். "பத்து முறை போய்வர எத்தனை வினாடி? அதை எப்படிக் குறைப்பீர்கள்?" இவ்வளவுதான் உங்கள் பேச்சு. பெரும்பாலும் கல்லைத்தான் முதலில் மாற்றுவார்கள். நேரம் மாறாது. நூலில் கை வைத்த குழு பிடித்துக்கொள்ளும்: 1 மீட்டருக்கு ஏறத்தாழ 20 வினாடி, 25 செ.மீ.க்கு 10. நீளத்தைக் கல்லின் நடுப்பகுதி வரை அளக்கட்டும், இல்லாவிட்டால் கணக்கு இடிக்கும். கல், நூல் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றும் குழு ஒன்றாவது இருக்கும். திருத்தாதீர்கள். "எதனால் குறைந்தது?" என்று கேட்டுவிட்டு நகருங்கள், அவர்களே திரும்பக் கட்டுவார்கள்.

கேள்வி: தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடினால் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் தீர்ந்ததுதான் காரணம் என்று சொல்லித் தருகிறேன். சரிதானே?

பதில்: தவறு டீச்சர், ஆனால் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அந்த விளக்கத்தைப் பிள்ளைகளையே சோதிக்க விடுங்கள். ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வைக்கட்டும். ஆக்சிஜன்தான் காரணமென்றால் தண்ணீர் அதே அளவுதானே ஏற வேண்டும்? கூடுதலாக ஏறும். எப்போது ஏறுகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சுடர் அணைந்த பிறகுதான் சட்டென்று ஏறும். மூடும்போது விளிம்பில் வரும் குமிழியை யாராவது ஒரு பிள்ளை கவனித்துவிடும். அப்புறம் நீங்கள் சேர்த்துச் சொல்லலாம்: சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் வெளியேறிவிடுகிறது, அணைந்ததும் மிச்சம் குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. சுடர் அணையும்போதுகூட டம்ளரில் ஆக்சிஜன் மீதி இருக்கிறது.

கேள்வி: இப்படிப் போனால் போர்ஷன் முடியுமா?

பதில்: எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த வேண்டாம். செல் அமைப்பை, கோள்களைச் சொல்லியே தரலாம். பருவத்துக்கு இரண்டு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பணக்காரப் பள்ளிகளுக்கு ஒத்துவரும். கிராமத்தில்?

பதில்: நம் நாட்டில் இப்படிச் செய்து கற்கும் முறை வேர்பிடித்ததே கிராமத்தில்தான். 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாவட்டம் முழுக்கப் பரவியது. தேர்வைக்கூடப் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதினார்கள், செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது பெரிய இழப்பு. தமிழ்நாட்டில் 2022-இல் வந்த வானவில் மன்றமும் (கருத்தாளர்கள் பள்ளிக்கே வந்து அறிவியல் சோதனைகளைச் செய்துகாட்டும் அரசுத் திட்டம்) 6 முதல் 8 வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானதுதான். கருத்தாளர் வரும் நாளில் வேடிக்கை பார்க்காமல் கூடவே நில்லுங்கள்.

கேள்வி: "மழைக்காலத்தில் உப்பு ஏன் கசிகிறது?" என்று ஒரு பையன் கேட்டான். சரியான பதில் எனக்குத் தெரியவில்லை.

பதில்: அவனிடமே தாருங்கள். ஒரு கிண்ணம் உப்பை இறுக மூடி, இன்னொன்றைத் திறந்தபடி, மழை நாளில் இரவு முழுக்க வைக்கட்டும். கல்லுப்பு, தூளுப்பு இரண்டிலும் செய்தால் அடுத்த கேள்வியையும் அவனே கொண்டுவருவான்.