காடென்சா முடிவதற்குள் ஆர்கெஸ்ட்ரா நுழைந்துவிடுகிறது: பதில்

ஆர்கெஸ்ட்ரா மட்டும் வாசிக்கும் ஒலிப்பதிவோடு சேர்ந்து, இசையமைப்பாளர் கிரீக்கின் ஏ மைனர் பியானோ கன்செர்ட்டோவை (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) பழகுகிறீர்கள். அதன் முதல் பகுதியில், காடென்சாவை, அதாவது பியானோ மட்டும் தனியாக வாசிக்கும் இடத்தை, நீங்கள் முடிக்கும் முன்பே பதிவிலுள்ள ஆர்கெஸ்ட்ரா வந்துவிடுகிறது என்கிறீர்கள். அதற்காக அவசரமாக வாசித்துப் பழகாதீர்கள். மேடையில் ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநரே அங்கே பியானோவுக்காகக் காத்திருப்பார். பதிவு காத்திருக்காது, அவ்வளவுதான்.

ஆடாசிட்டி போன்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பதிவை, காடென்சாவுக்குப் பின் ஆர்கெஸ்ட்ரா நுழையும் இடத்தில் இரண்டாக வெட்டுங்கள். இரண்டாவது துண்டின் தொடக்கத்தில் ஒரு பார் (தாளத்தின் ஒரு சுற்று) நீளத்துக்கு, தட்டுகளை எண்ணிக் காட்டும் கிளிக் ஒலி சேர்த்து, அது உங்கள் காதில் மட்டும் கேட்கும்படி வையுங்கள். காடென்சா முடியும் தறுவாயில் கணினியோடு இணைத்த கால் பெடலால் அந்தத் துண்டைத் தொடங்கலாம். இடது காலுக்கு அங்கே பெரிய வேலை இருக்காது.

அப்புறம், இரண்டாவது கருப்பொருளில் (முதல் பகுதியின் இரண்டாவது முக்கிய மெட்டில்) பின்தங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் செல்லோக்கள்தான் வாசிக்கின்றன. அந்த வேகத்தைக் கூடவே பாடிப் பிடித்துக்கொள்ளுங்கள். பாருக்குள் இழுக்கலாம், தவறில்லை. ஆனால் அடுத்த பாரின் முதல் தட்டில் வந்து சேர்ந்துவிட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் சுருதி உரசினால், பதிவில் ஏ சுரம் வழக்கமான 440க்குப் பதில் 442 ஹெர்ட்ஸில் இருக்கக்கூடும். டிஜிட்டல் பியானோ என்றால் அமைப்பில் 440ஐ 442 ஆக மாற்றிப் பாருங்கள்.